மௌனா லோவாவில் எகிறிய எண்: 2015–16 எல் நினோவும் மழைக்காடுகளின் தண்ணீரும்

ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா எரிமலையின் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. 1958 மார்ச்சில் சார்லஸ் டேவிட் கீலிங் அங்கே காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது கிடைத்த எண் 313 பிபிஎம். ஈரம் நீக்கிய காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் 313 கரியமில வாயு என்று பொருள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அந்த எண் ஏறியே வருகிறது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரிப்பதால் ஏறுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாத கதை, ஏறும் வேகத்தைப் பற்றியது. ஓர் ஆண்டு ஒன்றரை பிபிஎம் ஏறும், இன்னோர் ஆண்டு இரண்டரை ஏறும். உலகத்தின் ஆலைகளும் வண்டிகளும் இப்படி ஆண்டுக்காண்டு துள்ளுவதில்லை.

அந்தத் துள்ளல் பெரிதாகத் தெரிந்தது 2015-ல். அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 2 பிபிஎம்மைச் சற்றுத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த எண், அந்த ஒரே ஆண்டில் 3 பிபிஎம் அளவுக்கு ஏறியது. 56 ஆண்டு அளவீட்டில் இதுவே மிகப் பெரிய ஏற்றம் என்று அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா 2016 மார்ச்சில் அறிவித்தது. 2016-லும் ஏற்றம் ஏறக்குறைய அதே அளவுதான்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. 2014 முதல் 2016 வரை உலகம் எரித்த புதைபடிவ எரிபொருளின் அளவு கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன். காற்றில் 1 பிபிஎம் ஏற 212 கோடி டன் கார்பன் சேர வேண்டும். அப்படியானால் வழக்கத்தைவிட ஏறக்குறைய 1 பிபிஎம் கூடுதலாக ஏறியதற்கு, உலகத்தின் மொத்த எரிபொருள் உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு எங்கிருந்தோ புதிதாக வந்திருக்க வேண்டும். அல்லது வழக்கமாகக் காற்றிலிருந்து உறிஞ்சப்படும் பங்கு உறிஞ்சப்படாமல் காற்றிலேயே தங்கியிருக்க வேண்டும். எந்தப் புகைக்கூண்டையும் இதற்குக் காரணமாகக் காட்ட முடியாது.

(ஒரு சின்ன எச்சரிக்கை: கீழே கார்பன் என்று சொல்லும் இடங்களில் கார்பனின் எடை மட்டுமே. கரியமில வாயுவின் எடை வேண்டுமென்றால் 3.67-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் செய்திகளை நிறையப் பார்க்கிறேன்.)

சந்தேகம் முதலிலேயே, பசிபிக் கடலின் நீர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ மீது விழுந்தது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. மௌனா லோவா வளைகோட்டில் வரும் துள்ளல்களுக்கும் பசிபிக் கடலின் இந்த ஆட்டத்துக்கும் தொடர்பு இருப்பதை கீலிங்கின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் பேக்கஸ்டோ 1976-லேயே எழுதியிருந்தார். 2016 நடுவில் பிரிட்டிஷ் வானிலைத் துறையின் ரிச்சர்ட் பெட்ஸ் குழு ஒருபடி மேலே போனது. கடலின் வெப்பநிலையையும் எரிபொருள் உமிழ்வையும் வைத்துக்கொண்டு, அந்த ஆண்டு 3.15 பிபிஎம் ஏறும், கூடவோ குறையவோ 0.53 போகலாம் என்று முன்கூட்டியே சொன்னது. வடக்கு அரைக்கோளச் செடிகள் வளர்ந்து முடித்து, ஆண்டின் மிகக் குறைந்த அளவு பதிவாகும் செப்டம்பரில்கூட மௌனா லோவாவில் 400-க்குக் கீழே மாதச் சராசரி இறங்காது என்றும் சொன்னது. அப்படியே நடந்தது.

பசிபிக் சூடேறினால் ஹவாயில் கரியமில வாயு ஏறும் என்பது சரி. நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

எல் நினோ ஆண்டில் மேற்குப் பசிபிக்கில் குவிந்திருக்கும் வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகர்கிறது. மேகங்களைக் கட்டியெழுப்பும் காற்றோட்டமும் அதன் பின்னாலேயே நகர்கிறது. வழக்கமாகக் கொட்டும் இந்தோனேசியாவிலும் அமேசானின் பெரும்பகுதியிலும் காற்று கீழிறங்கி, மேகம் கட்டாமல் போகிறது. நம் வடகிழக்குப் பருவமழை மட்டும் எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் வலுக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கிடந்த அதே வாரங்களில், பூமியின் மறுபக்கத்தில் அமேசான் காடு மழைக்கு ஏங்கி நின்றது. ஒரே கடலின் இரண்டு முகங்கள்.

கடலின் பங்கை முதலில் ஒதுக்கிவிடலாம். கிழக்குப் பசிபிக்கில் ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீர் நிறையக் கரியமில வாயுவைக் காற்றில் விடுவது வழக்கம். எல் நினோவின்போது அந்த மேலெழுச்சி பலவீனமாகிறது. எனவே 2015-ன் முற்பாதியில் கடல் வழக்கத்தைவிடக் குறைவாகவே வாயுவை வெளியிட்டது. அபிஷேக் சாட்டர்ஜி தலைமையிலான குழு இதைச் செயற்கைக்கோள் தரவிலேயே காட்டியது. ஆக, கடல் எண்ணைக் கீழே இழுத்தது. நிலம் அதையும் மீறி மேலே தள்ளியிருக்கிறது.

மேலிருந்து பார்த்த கண்

அந்தச் செயற்கைக்கோளின் பெயர் ஓசிஓ-2. நாசா 2009 பிப்ரவரியில் அனுப்பிய முதல் ஓசிஓ, ராக்கெட்டின் முனைக்கூடு கழன்று விழாததால் சுற்றுப்பாதைக்கே போகாமல் அண்டார்டிகா அருகே கடலில் விழுந்தது. மறுபடி கட்டி 2014 ஜூலையில் அனுப்பினார்கள். நூற்றாண்டின் வலுவான எல் நினோக்களில் ஒன்று தொடங்குவதற்குச் சில மாதம் முன்னால் அது வேலையைத் தொடங்கியது. திட்டமிட்டிருந்தாலும் இப்படிப் பொருந்தியிருக்காது.

ஓசிஓ-2 காற்றுப் பத்தி முழுவதிலும் உள்ள கரியமில வாயுவை, சூரிய ஒளி பட்டுத் திரும்பும்போது எந்த நிறங்கள் விழுங்கப்படுகின்றன என்பதை வைத்து அளக்கிறது. அதைவிட எனக்கு வியப்பான விஷயம், ஒளிச்சேர்க்கை செய்யும் இலைகளிலிருந்து வரும் மிக மங்கலான சிவப்பு ஒளிர்வையும் அதனால் பிடிக்க முடிகிறது என்பது. பச்சையம் வாங்கிய வெளிச்சத்தில் சிறு பகுதியைத் திருப்பி உமிழ்கிறது. இலை வேலை செய்தால் ஒளிர்கிறது, வேலை குறைந்தால் மங்குகிறது. ஒரு காடு பச்சையாக இருக்கிறதா என்று கேட்பது வேறு, அது உழைக்கிறதா என்று கேட்பது வேறு. இந்த ஒளிர்வு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜுன்ஜி லியூவும் கூட்டாளிகளும் 2017 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கின் மையம். அவர்கள் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. மொத்த கரியமில வாயுவின் வரவு செலவை ஓசிஓ-2 தரவிலிருந்து எடுத்தார்கள். ஒளிச்சேர்க்கை எவ்வளவு குறைந்தது என்பதற்கு இலைகளின் ஒளிர்வு. தீயில் எவ்வளவு போனது என்பதற்கு கார்பன் மோனாக்சைடு. அரைகுறையாக எரியும்போது நிறைய வெளிவரும் வாயு அது, இன்னொரு செயற்கைக்கோள் கருவி அதை அளக்கிறது. இந்த இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது மரமும் மண்ணும் மூச்சு விட்ட கணக்கு. ஒப்பிட எடுத்துக்கொண்ட ஆண்டு 2011. அதற்கு ஜப்பானின் கோசாட் செயற்கைக்கோள் உதவியது.

விடை: 2011-ஐவிட 2015-ல் வெப்பமண்டல நிலப்பகுதிகள் சுமார் 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டிருந்தன. தென் அமெரிக்காவிலிருந்து 90 கோடி, ஆப்பிரிக்காவிலிருந்து 80 கோடி, ஆசியாவிலிருந்து 80 கோடி. மூன்று கண்டமும் ஏறக்குறைய சமமாகப் பங்கு போட்டதுபோல் தெரிகிறது. ஆனால் மூன்றிலும் காரணம் வெவ்வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2011 சாதாரண ஆண்டு இல்லை. எல் நினோவுக்கு நேரெதிரான லா நினா வலுத்து, ஆஸ்திரேலியா உட்பட நிலமெங்கும் பெய்த பெருமழையில் உலகக் கடல்மட்டமே தற்காலிகமாகச் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கிய காலத்தை ஒட்டிய ஆண்டு. செடிகொடிகள் தாராளமாகக் கார்பனை உறிஞ்சிய ஆண்டு. அதனால் 250 கோடி என்பது நல்ல ஆண்டுக்கும் மோசமான ஆண்டுக்கும் இடையிலான தூரம். நடுத்தரமான ஓர் ஆண்டோடு ஒப்பிட்டால் இடைவெளி குறையும். இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் பலரும் இதைச் சொல்வதில்லை.

அமேசான்: இலை கதவை மூடிக்கொண்டது

அமேசானின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் 2015 முப்பது ஆண்டுகளில் இல்லாத அளவு வறண்ட ஆண்டு. அங்கே கூடுதலாக எரிந்ததைவிட, உறிஞ்சாமல் விட்டதே பெரிது. இலைகளின் ஒளிர்வு மங்கியிருந்தது.

ஏன் என்று புரிய ஓர் இலைக்குள் போக வேண்டும். இலையின் அடிப்பக்கத்தில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். கரியமில வாயு உள்ளே வருவது அந்த வழியாக; நீராவி வெளியே போவதும் அதே வழியாக. ஒரு கரியமில வாயு மூலக்கூறு உள்ளே வர, சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியே போகின்றன. மரத்துக்கு இதைவிட மலிவான பேரம் கிடையாது. மண்ணில் தண்ணீர் இருக்கும்வரை அது கவலைப்படாமல் துளைகளைத் திறந்து வைக்கிறது. மண் காய்ந்தால், அல்லது காற்று சூடேறி உலர்ந்து இலையிலிருந்து ஈரத்தை வெடுக்கென்று இழுத்தால், துளைகள் மூடுகின்றன. தண்ணீர் மிச்சமாகிறது; சாப்பாடு நின்றுவிடுகிறது. பூமியின் நிலச் செடிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி டன் கார்பனை ஒளிச்சேர்க்கையில் எடுக்கின்றன, அதில் மூன்றில் ஒரு பங்கு வெப்பமண்டலக் காடுகளுடையது. இவ்வளவு பெரிய ஓட்டத்தில் இரண்டு மூன்று சதவீதம் குறைந்தாலே மௌனா லோவாவில் தெரியும்.

அமேசான் மரங்கள் ஒரு மாதம் மழை இல்லை என்றால் துவண்டுவிடுபவை அல்ல. 1990-களில் டேனியல் நெப்ஸ்டெட் குழு கிழக்கு அமேசானில் கிணறுபோல் குழி தோண்டிப் பார்த்தபோது 8 மீட்டருக்கும் கீழே வேர்கள் நீர் எடுத்துக்கொண்டிருந்தன. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் காடுகளால் கோடையிலும் ஒளிச்சேர்க்கையைக் குறைக்காமல் தொடர முடிகிறது. முந்தைய மழைக்காலத்து நீர் ஆழத்தில் சேமிப்பாக இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு பெய்தது என்பது மட்டும் இல்லை. மண்ணில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும்தான். 2015-ல் கோடை வழக்கத்தைவிட வெப்பமாக இருந்தது, அதைத் தொடர்ந்து வர வேண்டிய மழைக்காலம் ஏமாற்றியது, சேமிப்பு கரைந்தது.

அந்தச் சேமிப்பு தீர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கவே ஒரு சோதனை நடந்தது. பிரேசிலின் பாரா மாநிலத்தில் காஷியுவானா காட்டில், 2002-லிருந்து ஒரு ஹெக்டேர் நிலத்தில் தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் தகடுகளைப் பரப்பி, காட்டுத் தரைக்கு வரும் மழைநீரில் பாதியை வாய்க்கால் வழியாக வெளியே அனுப்பினார்கள். மேலே மரங்கள் வழக்கம்போல் வெயிலிலும் மழையிலும் நின்றன. வேருக்கு மட்டும் பாதித் தண்ணீர். முதல் சில ஆண்டுகள் காடு தாங்கியது. அப்புறம் பெரிய மரங்கள் விழத் தொடங்கின.

எப்படிச் செத்தன என்பது நெடுநாள் விவாதம். துளையை மூடிக்கொண்டு பட்டினியில் செத்தனவா, தாகத்தில் செத்தனவா? லூசி ரோலண்ட், பேட்ரிக் மெயர், அன்டோனியோ கார்லோஸ் லோலா ட கோஸ்டா உள்ளிட்டோர் 2015-ல் விடை சொன்னார்கள். வாட்டப்பட்ட மரங்களில் சர்க்கரை இருப்பு குறையவே இல்லை. தண்ணீரை மேலே ஏற்றும் சைலம் குழாய்கள்தான் பழுதாகியிருந்தன. வறண்ட மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச மரம் மேன்மேலும் பலமாக இழுக்கிறது. ஒரு கட்டத்தில் குழாய்க்குள் நீர்க்கம்பி அறுந்து காற்றுக் குமிழி அடைத்துக்கொள்கிறது. அடைபட்ட குழாய் அதன்பின் நீர் ஏற்றாது. நாற்பது மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றும் மரத்துக்கு இந்த ஆபத்து மிக அதிகம். காட்டின் கார்பனில் பெரும்பங்கு இருப்பதும் அந்தப் பெரிய மரங்களில்தான்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபின், தரைக்கு மேலே நிற்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்த அந்தக் காடு நிலைகொண்டிருந்தது. மிச்சமிருக்கும் மரங்களுக்குள் பங்கிடத் தண்ணீர் போதுமானதாகிவிட்டது. காடு காடாகவே இருந்தது, ஆனால் மெலிந்த காடு. இழந்த கார்பன் திரும்பவில்லை. இந்த முடிவை நல்ல செய்தி என்று சிலர் எழுதினார்கள். மழை பாதியாகியும் புல்வெளியாக மாறவில்லை என்ற அளவில் நல்ல செய்திதான். ஆனால் காற்றின் கணக்கில் அந்த மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிட்டது.

சோதனையில் இல்லாத ஒன்று நிஜ வறட்சியில் இருக்கிறது: தீ. மழைக்காட்டின் தரை ஈரமாக இருப்பதால் பொதுவாகத் தீ பிடிக்காது. பக்கத்து வயலிலோ மேய்ச்சல் நிலத்திலோ வைத்த தீ காட்டின் விளிம்பில் தானாக அணைந்துவிடும். 2015 கடைசியில் அமேசானின் துணை நதியான தபாஜோஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில், சாந்தாரேம் நகரைச் சுற்றிய காடுகளில், அது அணையவில்லை. முழங்கால் உயரத்துக்கு மெதுவாக ஊர்ந்த தீ, மெல்லிய பட்டை கொண்ட மழைக்காட்டு மரங்களை அடியில் வேகவைத்தது. எரிகா பெரங்கேர் குழு அங்கே முன்பே குறியிட்டு அளந்துவந்த நிலத்துண்டுகள் பல அதில் சிக்கின. வறட்சியும் தீயும் சேர்ந்து அந்த வட்டாரத்தில் சுமார் 250 கோடி மரங்களையும் சிறு தண்டுகளையும் கொன்றன, வெளியான கரியமில வாயு கிட்டத்தட்ட 49.5 கோடி டன் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பிரேசிலின் அமேசான் காட்டுப் பரப்பில் அந்த வட்டாரம் 1.2 சதவீதம். மூன்று ஆண்டு கழித்தும் வெளியேறியதில் 37 சதவீதமே புதிய வளர்ச்சியில் திரும்பியிருந்தது.

போர்னியோ: வாய்க்கால் வெட்டியபோதே வைத்த தீ

ஆசியாவின் 80 கோடி டன்னில் பெரும்பங்கு இந்தோனேசியத் தீ. மழை குறைந்ததுதான் தூண்டுதல். ஆனால் தண்ணீர் அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது.

சுமத்ராவிலும், போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானிலும் கடலோரச் சதுப்புக் காடுகளுக்கு அடியில் பீட் எனப்படும் கரிமண் இருக்கிறது. விழுந்த இலையும் கட்டையும் நீருக்குள் கிடப்பதால் ஆக்சிஜன் கிடைக்காமல் முழுதாக மட்காது; ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல மீட்டர் ஆழத்துக்குச் சேர்ந்துவிடும். அந்தக் கார்பனைக் காப்பது தண்ணீர் ஒன்றுதான். நீர்மட்டம் இறங்கினால் ஆக்சிஜன் உள்ளே போகிறது, மட்கத் தொடங்குகிறது, உலர்ந்தால் மண்ணே எரிகிறது. 1990-களின் நடுவில் சுகார்த்தோ ஆட்சி மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கி, 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டியது. நெல் விளையவில்லை. நீர் மட்டும் வடிந்தது. 1997-ல் எல் நினோ வந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவில் எரிந்த கரிமண்ணும் காடும் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கார்பனை வெளியிட்டிருக்கும் என்று சூசன் பேஜ் குழு 2002-ல் மதிப்பிட்டது. எரிபொருளிலிருந்து வரும் உலக ஆண்டு உமிழ்வில் அது 13 முதல் 40 சதவீதம்.

2015-ல் வாய்க்கால்கள் இன்னும் இருந்தன. செம்பனை, காகிதக்கூழ் தோட்டங்களுக்காகப் புதியவையும் சேர்ந்திருந்தன. 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கியின் கணக்கில் இழப்பு 1,600 கோடி டாலர். செப்டம்பர், அக்டோபரில் நாளுக்குச் சராசரியாக 1.13 கோடி டன் கரியமில வாயு வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எரிபொருளால் நாளுக்கு வெளியிட்டது 89 லட்சம் டன். மத்திய கலிமந்தானின் பலங்கராயா நகரில் பகலிலேயே வானம் மஞ்சளாக இருந்தது. சிங்கப்பூரில் செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்கள், மலேசியாவிலும் பல மாநிலங்களில் மூடினார்கள். அங்கே வாழும் தமிழர்களுக்குப் புகைமூட்டம் என்ற சொல் அந்த வாரங்களைத்தான் நினைவுபடுத்தும்.

எல் நினோவை யாராலும் நிறுத்த முடியாது. வாய்க்காலை அடைக்க முடியும். இதற்குக் கீழே திரும்ப வருகிறேன்.

ஆப்பிரிக்கா: சான்றுகள் ஒத்துப்போகாத இடம்

லியூ குழுவின் கணக்கில் ஆப்பிரிக்காவில் மழை ஏறக்குறைய இயல்பு. வெப்பம்தான் அதிகம். சூட்டில் மண்ணும் மட்கும் கட்டையும் அதிகம் மூச்சு விட்டதால் 80 கோடி டன் என்றார்கள். தண்ணீரே எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுத உட்காருகிறவர் இங்கே நிற்க வேண்டும்.

ஆனால் தரையில் வேறு கதை. ஏமி பென்னட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் ஆறு நாடுகளில் 100 நிலத்துண்டுகளில் மரங்களின் சுற்றளவை எல் நினோவுக்கு முன்னும் பின்னும் அளந்து 2021-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த இடங்களில் அந்தக் காலம் வெப்பமாகவும் வறட்சியாகவும் இருந்தது. மரங்கள் கார்பனைச் சேர்க்கும் வேகம் 36 சதவீதம் குறைந்தது. ஆனாலும் சேர்த்துக்கொண்டேதான் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, வானலைகளை வைத்து மரங்களின் நீரையும் எடையையும் கணிக்கும் செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு ழான்-பியேர் வின்யெரோன் குழு, ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் இழந்தது 2017 கடைசிவரை மீளவில்லை என்று எழுதியிருந்தது.

எது சரி? இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை என்றே நினைக்கிறேன். நிலத்துண்டுகள் மனிதர் தொடாத அடர்காட்டில் இருக்கின்றன. செயற்கைக்கோள் புல்வெளி, வெட்டிய காடு, விளைநிலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தூசியும் மேகமும் காற்றுப் பத்தியின் அளவீட்டைக் குழப்பக்கூடியவை. மூன்று கண்டங்களில் ஆப்பிரிக்காவின் எண்ணைத்தான் நான் மிகத் தளர்வாகப் பிடித்துக்கொள்கிறேன். அதே கண்டத்தில், காங்கோ படுகையின் நடுவில், சுமார் 3,000 கோடி டன் கார்பன் கொண்ட கரிமண் சதுப்பு இருப்பது 2017-ல்தான் வரைபடமாக வெளிவந்தது. அங்கே இன்னும் கலிமந்தான்போல் வாய்க்கால் வெட்டப்படவில்லை.

வெப்பமா, தண்ணீரா?

இந்த விவாதம் பத்து ஆண்டுக்கு மேல் நடந்தது. மௌனா லோவாவின் துள்ளலை வெப்பமண்டல வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தால் நன்றாகப் பொருந்துகிறது. மழையோடு வைத்தால் அவ்வளவு பொருந்துவதில்லை. எனவே வெப்பம்தான் முதன்மை என்று பலர் முடிவு செய்தார்கள். மார்ட்டின் யுங் குழு 2017-ல் நுட்பமான பதில் ஒன்று சொன்னது: எந்த ஓர் இடத்தை எடுத்தாலும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது, ஆனால் ஓரிடத்தில் வறட்சி என்றால் வேறோரிடத்தில் மழை, இரண்டும் கூட்டும்போது அடிபட்டுப்போகின்றன. வெப்பம் எல்லா இடத்திலும் ஒரே திசையில் மாறுவதால் கூட்டுத்தொகையில் அது மட்டும் மிஞ்சித் தெரிகிறது.

மழைமானியை விட்டு நிலத்தில் உள்ள தண்ணீரையே எடைபோட்டபோது படம் மாறியது. கிரேஸ் என்பது 2002-ல் ஏவப்பட்ட இரட்டைச் செயற்கைக்கோள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நீர் அதிகமுள்ள நிலம் வந்தால் அதன் ஈர்ப்பு முதலாவதைச் சற்று முன்னே இழுக்கும். இடைவெளியில் ஏற்படும் அந்த மிகச் சிறிய மாற்றத்திலிருந்து, ஆற்றிலும் மண்ணிலும் ஆழத்திலும் சேர்த்து எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். சூரிச்சின் ஈடிஹெச் நிறுவனத்தில் வின்சென்ட் ஹம்ப்ரி, சோனியா செனவிரத்னே உள்ளிட்டோர் 2018-ல் இந்தத் தரவை கரியமில வாயுவின் ஆண்டு ஏற்றத்தோடு பொருத்தினார்கள். நிலத்தில் நீர் குறைந்த ஆண்டுகளில் எண் வேகமாக ஏறியிருந்தது. தொடர்பு மிக இறுக்கமானது. அவர்கள் பார்த்தவற்றில் மிக வறண்ட ஆண்டான 2015-ல் இயற்கை நிலம் வழக்கத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவாகவே கார்பனை எடுத்திருந்தது.

அதே ஹம்ப்ரி 2021-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கேள்வியையே மாற்றியது. மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஆற்றல் நீரை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்தால் அதே ஆற்றல் காற்றைச் சூடாக்கும், உலர்த்தும். வாசல் தெளித்த முற்றத்துக்கும் தெளிக்காத முற்றத்துக்கும் உள்ள வித்தியாசம். அப்படியானால் வெப்பத்தின் கணக்கில் எழுதிய பாதிப்பில் ஒரு பெரும் பகுதி, மண் வறண்டதால் வந்த வெப்பம். நேரடியாகவும் இப்படிச் சுற்றுவழியாகவும் சேர்த்தால், நிலம் உறிஞ்சும் கார்பனின் ஆண்டு ஏற்ற இறக்கத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் மண் ஈரத்தோடு கட்டுண்டது என்று அவர்களுடைய கணினி மாதிரிகள் காட்டின. இந்த வழக்கில் எனக்கு மிக உறுதியாகத் தோன்றும் இடம் இது. ஆப்பிரிக்காவின் வெப்பம்கூட முழுக்கத் தனிக் குற்றவாளி இல்லை.

2023-ல் லைபாவ் லியூ, செனவிரத்னே குழு 1960 முதல் 2018 வரை பார்த்து இன்னொன்றும் சொன்னது: வெப்பமண்டலத் தண்ணீருக்கும் கரியமில வாயு ஏற்றத்துக்கும் உள்ள பிணைப்பு, 1989-க்கு முந்தைய மூன்று பத்தாண்டைவிடப் பிந்தைய மூன்று பத்தாண்டில் இறுகியிருக்கிறது. காலநிலை மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த இறுக்கத்தைக் காட்டவில்லை. அதாவது அடுத்த வறட்சியில் காடு என்ன செய்யும் என்பதை அவை குறைத்தே சொல்லக்கூடும்.

அதன் பிறகு

அடுத்த வறட்சி அதே ஆண்டு வந்தது. 2023 அக்டோபரில் அமேசான் நடுவே உள்ள மனாவுஸ் நகரில் ரியோ நெக்ரோ ஆறு 12.7 மீட்டருக்கு இறங்கியது. 1902-ல் அளக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டிராத தாழ்வு. தெஃபே ஏரியில் நீர் 39 டிகிரியைத் தாண்டிச் சூடேறி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து மிதந்தன. 2024 அக்டோபரில் ஆறு அதைவிடவும் கீழே போனது. 2023-லிருந்து 2024-க்கு உலகச் சராசரி 3.5 பிபிஎம் ஏறியது. நவீன அளவீட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய ஓராண்டு ஏற்றம் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. நிலமும் கடலும் குறைவாக உறிஞ்சியதையும் காட்டுத் தீயையும் அது காரணமாகக் குறிப்பிட்டது. பிரேசிலின் அமேசானில் 2024 ஜூலையோடு முடிந்த கணக்காண்டில் காடு வெட்டுவது அதற்கு முந்தைய ஆண்டைவிட 30 சதவீதம் குறைந்திருந்தது. கோடரி ஓய்ந்த நேரத்தில் தீ பெருகியது.

இப்போது வாய்க்காலுக்கு வருகிறேன். 2015-ன் புகைக்குப் பின் இந்தோனேசியா 2016 ஜனவரியில் கரிமண் மீட்புக்கென்று தனி நிறுவனம் அமைத்து, 20 லட்சம் ஹெக்டேரை மீட்க இலக்கு வைத்தது. தோட்டங்களில் நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது என்று சட்ட விதி இருக்கிறது. மரப்பலகையும் மண்மூட்டையும் கொண்டு ஆயிரக்கணக்கான வாய்க்கால்களை அடைத்தார்கள். 2019-ல் மறுபடி வறட்சி வந்தபோது 16 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. 2015-ஐவிடக் குறைவு, ஆனால் 2019-ல் வறட்சியும் குறைவுதான். எனவே அடைப்புகளுக்கு எவ்வளவு மதிப்பெண் கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ஆயினும் நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் கரிமண் எரிவது கடினம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அமேசானுக்கு அப்படி அடைக்க வாய்க்கால் கிடையாது. அங்கே மழையில் ஏறக்குறைய பாதியை மரங்களே திருப்பி அனுப்புகின்றன என்பதை 1970-களில் பிரேசிலின் எனேயாஸ் சலாத்தி மழைநீரில் உள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளை, வைத்துக் காட்டினார். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் பெய்து, இலைத்துளை வழியாக ஏறி, மேற்கே இன்னொரு முறை பெய்கிறது. கிழக்கே மரம் விழுந்தாலோ துளையை மூடிக்கொண்டாலோ மேற்கே மழை குறைகிறது. காஷியுவானாவில் தகடுகளுக்குக் கீழே இருந்த அந்த ஒரு ஹெக்டேருக்கு இந்தத் தொல்லை இல்லை, சுற்றிலும் நின்ற முழுக்காடு அதன் வானத்துக்கு மழையை அனுப்பிக்கொண்டே இருந்தது.